பூவுக்கு அப்புறம் ஃபேன்

ஷெத்லியின் பலகைப்படி நாரத்தம்பூ மார்ச் இருபத்திரண்டாம் தேதி பூக்க வேண்டும். அந்த வருஷம் அது பத்தாம் தேதியே பூத்துவிட்டது.

காலையில் கடையைத் திறந்தபோதே வாசனை தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. நாபுல் ஊரே மூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தது. நோன்பில் வயிறு காய்ந்துகிடந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று, மூச்சை இழுத்து, இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஷெத்லி மட்டும், கடிதம் போடாமல் பெட்டியோடு வந்து இறங்கிய உறவினரைப் பார்ப்பதுபோல் எதிர்வீட்டு மரத்தைப் பார்த்தான். விற்கவேண்டிய நாற்பது வடிபானைகள் இன்னும் செம்புக்கொல்லரிடம் இருந்தன. கடையில் இருந்தவை பதினாறு ஹீட்டர்கள்.

ஷெத்லிக்கு வயது முப்பத்தொன்பது. கடைக்கு நாலு பருவம், நாலு சரக்கு. வசந்தத்தில் பூநீர் வடிக்கிற செம்புப் பானை. கோடையில் ஃபேன். பிறகு ஆலிவ் பறிக்கிறவர்கள் மரத்தடியில் விரிக்கும் வலை. குளிர் வந்தால் ஹீட்டர். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதற்கு நடுவே ஒன்பது நாள் இடைவெளி கிடைக்கும். அந்த ஒன்பது நாளில் கடையைத் துடைத்து அடுக்கவே நேரம் சரியாக இருக்கும்.

பலகை, கல்லாவுக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. மூன்றரை வருஷத்துக்கு முன்பு தூனிஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கோட்டுப் போட்ட ஒருவர் நடத்திய ஒருநாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, அவனே கோடு போட்டு மாட்டியது. நாலு பருவத்துக்கு நாலு கட்டம். மேல்பாதி வியாபாரம், கீழ்பாதி சொந்த வாழ்க்கை. சொந்த வாழ்க்கையில் கோடைக்கு 'நீச்சல் கற்பது' என்று எழுதியிருந்தது. கடையிலிருந்து கடல் எண்ணூறு மீட்டர். குளிருக்கு 'தொப்பை' என்று மட்டும் எழுதியிருந்தது. குறைப்பதா வளர்ப்பதா என்று எழுதவில்லை. அதனால் அந்த இலக்கு மட்டும் வருஷம் தவறாமல் நிறைவேறிக்கொண்டிருந்தது.

எந்தக் கட்டத்திலும் நிலைக்காத சிவப்புக் காந்தம் ஒன்றும் அந்தப் பலகையில் இருந்தது. அதன் கீழே ஒரு சிறிய சீட்டு: 'தலெந்தாவைப் பெண் கேட்பது.'

கோட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த முதல் விதி, பருவம் நடக்கும்போது புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. ஷெத்லி விதியை மீறாதவன். வசந்தம் முடியும்போது காந்தத்தைக் கோடைக்கு நகர்த்துவான். கோடை முடியும்போது வலைக்கு. வலை முடிந்தால் ஹீட்டருக்கு. இப்படி மூன்று வருஷத்தில் அந்தக் காந்தம் பலகையைப் பன்னிரண்டு தடவை நகர்ந்து மூன்று முறை சுற்றிவந்திருந்தது.

இரண்டாவது விதி, பருவத்துக்கு ஒருமுறை நல்ல வாடிக்கையாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மனசு இளகியிருக்கும் நாள் பார்த்து அன்பளிப்புக் கொடுப்பது. ஷெத்லி நேர்மையாக மதிப்பெண் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தான். என்னவோ ஒவ்வொரு தடவையும் தலெந்தாவின் அப்பா ஹாஜி தாஹர்தான் முதலில் வந்தார். பெருநாளுக்கு முன்தினமோ மீலாது நபிக்கோ இருபத்தேழாம் நோன்புக்கோ, பருவத்துக்கேற்ப ஃபேனோ ஹீட்டரோ அன்பளிப்பாகப் போகும். கல்யாணமாகாதவன் வயசுப்பெண் இருக்கிற வீட்டுக்குத் தனியாகப் போவது அழகல்ல என்பதால் மன்னூபியா சின்னம்மாதான் எடுத்துப்போவாள். தாய் தகப்பன் இல்லாத ஷெத்லிக்கு உறவென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். போகிற போக்கில் அவள் அதற்கு ரிப்பன் கட்டுவாள், மேலே கொஞ்சம் மருதாணியும் பலகாரமும் வைப்பாள். வாடிக்கையாளருக்கு எதற்கு மருதாணி என்று ஷெத்லிக்குத் தோன்றும். சின்னம்மாவுக்கு வியாபாரம் தெரியாது என்று விட்டுவிடுவான்.

தலெந்தா ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. வருஷத்தில் நாலு முறை கடைக்கு வருவாள். பானைக் குழாய்க்குப் பற்றுவைக்க, ஃபேனுக்கு எண்ணெய் விட, கிழிந்த வலைக்குக் கயிறு வாங்க, ஹீட்டருக்குத் திரி மாற்ற. அந்த நாலு வருகைகளுக்கும் நடுவே இருந்த நாட்களை ஷெத்லி எப்படியோ ஓட்டினான். வசந்தத்தில் வரும்போது அவள் சட்டைக்கையில் பூவாசனை இருக்கும். அவள் போனபிறகு அவள் சாய்ந்து நின்ற மேஜை ஓரத்தை அன்று முழுவதும் அவன் துடைக்க மாட்டான். ஒரு டிசம்பரில், திரி மாற்றிக்கொடுத்த பிறகும் அவள் போகாமல், ஹீட்டர் முன்னால் கையைக் காட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தை வைத்து அவன் மார்ச் வரை தாக்குப்பிடித்தான்.

இப்போது பூ முந்திக்கொண்டுவிட்டது. பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றவனுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புரட்சிகரமான எண்ணம் வந்தது. பூவே பலகையை மதிக்கவில்லை என்றால் தான் மட்டும் ஏன் மதிக்க வேண்டும்?

அன்று மத்தியானமே சின்னம்மா வீட்டுக்குப் போனான். அவள் நோன்பு திறக்கச் சூப்புக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"சின்னம்மா, பெருநாளுக்கு முன்னாடி ஹாஜி வீட்டுக்குப் போய் தலெந்தா விஷயத்தைப் பேசிடு. இந்தப் பூவை நம்பி இனிமே இருக்க முடியாது."

சின்னம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மேலே உயர்த்தினாள். கண்ணில் நீர் வந்தது. அதில் வெங்காயத்தின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. இப்போதாவது உறைத்ததே என்றாள். எந்தத் தேதி என்று கேட்டாள். முதலில் பேசு, தேதியெல்லாம் பிறகு என்றான் ஷெத்லி. சின்னம்மா அவன் கன்னத்தைக் கிள்ளினாள். வெங்காயக் கை. அவனும் கண் கலங்கியபடி கடைக்குத் திரும்பினான்.

கடையில் நவ்ஃபல் காத்திருந்தான். ஹம்மாமெத் ஊர்க்காரன், பூ சமயத்தில் வண்டி எடுத்துவந்து தோட்டம் தோட்டமாகப் பூ வாங்கிப் போகிறவன். இரண்டு செம்புக் குழாய் கேட்டான். கட்டிக்கொடுக்கும்போது, ஹாஜி தாஹர் தோட்டத்திலிருந்துதான் வருவதாகச் சொன்னான். அருமையான பூ, அருமையான மனுஷர், ஆனால் தன் காரியம் நடக்கவில்லை என்றான்.

"என்ன காரியம்?"

"என் தம்பிக்கு அந்த வீட்டுப் பொண்ணைக் கேட்டேன். பேசி முடிச்சு மூணு வருஷம் ஆச்சுன்னுட்டாங்க. மாப்பிள்ளை யாரோ வியாபாரியாம். இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்துக்கிட்டே இருக்கானாம். அந்தக் குழாயில சின்னதா ஒண்ணு சேத்துப் போடுங்க."

ஷெத்லி சின்னதாக ஒன்றைச் சேர்த்துப் போட்டான். அதற்குக் காசு வாங்க மறந்துவிட்டான். நவ்ஃபல் ஞாபகப்படுத்தவில்லை.

மூன்று வருஷம். அவன் வலையையும் ஹீட்டரையும் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தபோது எவனோ ஒருவன் வந்து, கேட்டு, பேசி முடித்தும்விட்டிருக்கிறான். முடித்தவன் கட்டியாவது இருந்தால் போகிறது, இழுத்துக்கொண்டிருக்கிறான். ஷெத்லிக்கு அந்த முகம் தெரியாத மனிதன்மேல் வந்த கோபம், தன்மேல் வந்த கோபத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. அது ஓர் ஆறுதலாகவும் இருந்தது.

முதல் வேலையாகச் சின்னம்மாவுக்குப் போன் செய்து, போகவேண்டாம், அந்தப் பேச்சே வேண்டாம் என்றான். காரணம் கேட்டாள். நிச்சயமான பெண்ணைக் கேட்கப் பார்த்தோம் என்று எப்படிச் சொல்வது? ரோஷம் தடுத்தது. "அது சரிப்படாது, விட்டுடு" என்றான். சின்னம்மா போனை வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து சின்னம்மா அவனோடு பேசுவதை நிறுத்தினாள். நோன்பு திறக்க நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த சூப்புத் தூக்கும் நின்றது. ஷெத்லி டப்பா மீனைத் திறந்துவைத்துக்கொண்டு பாங்குச் சத்தத்துக்குக் காத்திருந்தான்.

இரண்டாவதாக, எதிரி யார் என்று தெரிந்துகொள்ள விரும்பினான். நேரடியாகக் கேட்டால் மானம் போகும். அதனால் முடிவெட்டிக்கொள்ளப் போனான். முடிதிருத்தும் அம்மார் என்பவனுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு பல்லுகூட விழாது.

தலெந்தாவின் மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று, ஏதோ வானிலை விசாரிப்பதுபோல் கேட்டான். அம்மாரின் கத்தரி ஒரு நொடி நின்றது. அப்புறம், உள்ளதைச் சொல்லலாமா என்று கேட்டான். சொல்லச்சொன்னான் ஷெத்லி.

நல்ல மனுஷன்தான் என்கிறார்கள் என்றான் அம்மார். குடி கிடையாது, சூது கிடையாது. ஆனால் எதற்கெடுத்தாலும் நாள் பார்ப்பானாம். இப்படியே போனால் அந்தப் பெண்ணுக்கு நரை விழுந்துவிடும் என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்களாம்.

"அயோக்கியன்" என்றான் ஷெத்லி.

"அவ்வளவு தூரம் நான் சொல்ல மாட்டேன்" என்றான் அம்மார் அவசரமாக.

"ஆள் பாக்க எப்படி?"

அம்மார் யோசித்தான். "குறை சொல்ற மாதிரி இல்ல. உச்சியில கொஞ்சம் முடி கொட்டுது. தொப்பி போட்டா தெரியாது."

எதிரிக்கு முடி கொட்டுகிறது என்பதில் ஷெத்லிக்கு ஏற்பட்ட திருப்தி நோன்பு திறக்கும்வரை தாங்கியது. வழியெல்லாம் ஊர் வியாபாரிகளை மனசுக்குள் வரிசையாக நிறுத்தித் தொப்பியைக் கழற்றிப் பார்த்தான். கடைசியில் நோட்டுப் புத்தகக் கடை ரிதாமேல் சந்தேகம் விழுந்தது. வருஷத்தில் செப்டம்பர் ஒரு மாதம் மட்டும் சுறுசுறுப்பாக இருந்துவிட்டு மிச்ச நாளெல்லாம் யோசிக்கிறவன். மறுநாள் ரிதா சலாம் சொன்னபோது ஷெத்லி பதில் சொல்லவில்லை. மூன்று பிள்ளை பெற்ற ரிதா, நோன்புக் களைப்பாக்கும் என்று பேசாமல் போனான்.

இருபத்தேழாம் நோன்பு வந்தது. பலகையில் 'அன்பளிப்பு' என்று எழுதியிருந்தது. கொல்லரிடமிருந்து வந்த ஒரு செம்புப் பானை மேஜைமேல் மினுமினுவென்று தயாராக இருந்தது. இன்னொருவனுக்கென்று ஆன பெண்ணின் வீட்டுக்குத் தன் பொருள் போவது முறையில்லை என்று ஷெத்லி முடிவுசெய்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அன்பளிப்புப் போகவில்லை. பானையை உள்ளே எடுத்துவைத்தபோது அதில் தெரிந்த முகம் கோணலாக இருந்தது. பானை வளைவானதுதான், இருந்தாலும்.

மறுநாள் மாலை தலெந்தாவே கடைக்கு வந்தாள். பழுதுபார்க்க எதையும் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு அவள் அந்தக் கடைக்கு வந்தது அதுவே முதல் தடவை.

நேற்று சாயங்காலம் முழுக்க அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் என்றாள். ஷெத்லி ஆணிகளைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அவை ஏற்கெனவே பிரித்துவைத்த ஆணிகள்.

"இந்த வருஷம் பூ முடிஞ்சதும் என்ன பண்றதா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஃபேன்."

"ஃபேனுக்கு அப்புறம்?"

"வலை."

"வலைக்கு அப்புறம்?"

"ஹீட்டர். ஹீட்டருக்கு அப்புறம் மறுபடி பூ."

அவள் பலகையைப் பார்த்தாள். நல்லவேளையாகச் சிவப்புக் காந்தத்தையும் அதன் சீட்டையும் அவன் அன்று காலைதான் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டிருந்தான். காந்தம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது.

இனி எப்போது தனியாகப் பேசக் கிடைக்கும் என்று ஷெத்லிக்குத் தோன்றியது. ஆணி டப்பாவை மூடினான்.

"உங்களுக்குப் பேசி முடிச்சு மூணு வருஷம் ஆச்சாமே."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"காக்கவைக்கிறதுல உங்களுக்குக் கோவம் வரலையா?"

"வருது." அவள் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அவர் கெட்டவர் இல்ல. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை வாயைத் திறப்பாருன்னு நினைச்சுப்பேன். பக்கத்துல நின்னாக்கூடப் போதும்னு இருக்கும். அப்புறம் வீட்டுக்குப் போய் அழுவேன்."

இப்படி ஒருத்தி தனக்காகக் காத்திருந்தால் அவன் ஹீட்டரையெல்லாம் கடலில் போட்டுவிட்டு ஓடியிருப்பான். அந்த மடையனுக்கு இது தெரியவில்லையே.

"அவனை விட்டுடுங்க" என்றான். "உங்களுக்கு அவன் லாயக்கில்ல."

தலெந்தா மேஜையிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்களே சொல்றீங்களா?"

"நானேதான் சொல்றேன்."

"அப்படின்னா இதை எங்கிட்ட சொல்லாதீங்க. அப்பாகிட்ட வந்து சொல்லுங்க."

அவள் போனபிறகும் கடையில் வாசனை இருந்தது. அவள் அப்பாவிடம் வரச்சொல்லிவிட்டாள். ஷெத்லி அந்த வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப்பார்த்தான். அந்த இழுத்தடிக்கிறவனிடமிருந்து தன்னைக் காப்பாற்று என்று ஒரு பெண் இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்ல முடியும்?

கடைசி நோன்பன்று கடையைப் பூட்டினான். பூப் பருவத்தின் உச்சத்தில், வேலை நாளில், வெளிச்சம் இருக்கும்போதே. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், யாராவது இறந்துவிட்டார்களா என்று விசாரித்தார்கள்.

ஹாஜி தாஹர் தோட்டத்தில் இருந்தார். மரத்தடிகளில் வெள்ளைத் துணி விரித்து, ஏணிமேல் நின்று பெண்கள் பூப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷெத்லியைப் பார்த்ததும் பெரியவர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்துவந்தார். தோட்டத்தில் இருந்த ஒரே நாற்காலியை அவனுக்குப் போட்டார். தான் பூக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். ஒரு வாடிக்கையாளருக்கு இவ்வளவு பண்பா என்று ஷெத்லி நெகிழ்ந்தான்.

இரவெல்லாம் தயார்செய்த பேச்சு முழுக்க மறந்துபோனதால் சுருக்கமாகவே சொல்ல முடிந்தது.

"ஹாஜி, ஒரு பொண்ணை மூணு வருஷம் காக்கவைக்கிறவன் மனுஷனே இல்ல. அவனுக்குத் தலெந்தாவைக் கொடுக்காதீங்க."

ஏணிமேல் இருந்த பெண்களின் கைகள் நின்றன. ஹாஜி தன் தாடியைத் தடவினார்.

"அவ்வளவு மோசமானவனா அவன்?"

"எனக்கு நல்லாத் தெரியும், ஹாஜி."

"உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியப்போவுது" என்றார் பெரியவர் மெதுவாக. பிறகு, அவன் மாறுவதற்கு வழியே இல்லையா என்று கேட்டார். கொஞ்சம் கெஞ்சுவதுபோல்தான் இருந்தது குரல். ஷெத்லிக்குப் பாவமாக இருந்தது. ஆனால் மருத்துவர் இரக்கப்பட்டால் கட்டியை அறுக்க முடியுமா? அவன் இன்னும் பத்து வருஷமானாலும் மாறமாட்டான், வியாபாரம் வியாபாரம் என்றே சாவான், அந்த மாதிரி ஆளுக்கெல்லாம் குடும்பம் எதற்கு என்று உறுதியாகச் சொன்னான். தான் இவ்வளவு நன்றாகப் பேசுவான் என்று அவனுக்கே தெரியாது.

ஹாஜி எழுந்தார். அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு தோளிலும் முத்தமிட்டார்.

"வேற எவனா இருந்தாலும் ஆளை அனுப்பிச் சொல்லியிருப்பான். நீ முகத்துக்கு நேரா வந்து சொன்ன பாரு. அதுக்காக உன்மேல எனக்கு வருத்தமில்ல, மகனே. என் மக இன்னிக்கே விடுபட்டுட்டா."

வீட்டின் மேல்மாடி ஜன்னலில் யாரோ திரையை இழுத்துவிட்டதை ஷெத்லி பார்த்தான். நல்ல செய்தி காதில் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அன்று அவன் நடக்கவில்லை, மிதந்தான். வழியில் ரிதாவைப் பார்த்து, இரக்கத்தோடு அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தான். கடைக்குப் போய் டிராயரைத் திறந்து சிவப்புக் காந்தத்தை எடுத்தான். எந்தக் கட்டத்தில் வைப்பது என்று பார்த்தான். பிறகு பலகையையே கழற்றிச் சுவரோரமாகத் திருப்பிவைத்தான்.

பெருநாள் காலை. தொழுகை முடிந்ததும் புதுச்சட்டையோடு நேராகச் சின்னம்மா வீட்டுக்குப் போனான். பெருநாளன்று பகையை நீட்டக் கூடாது; வந்தவரை வாசலில் நிறுத்தவும் கூடாது. சின்னம்மா கதவைத் திறந்தாள். பலகாரத் தட்டை அவன்முன் வைத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. ஷெத்லி அவள் நெற்றியில் முத்தமிட்டான், மன்னிப்புக் கேட்டான், பாதாம் பலகாரம் ஒன்றை எடுத்துக் கடித்தான். பத்து நாளாகச் சாப்பிட்ட டப்பா மீனையெல்லாம் அது மறக்கடித்தது.

தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். தலெந்தா அழுததைச் சொன்னான். ஹாஜி தோளில் முத்தமிட்டதைச் சொன்னான். அந்த உதவாக்கரையிடமிருந்து அவளுக்கு விடுதலை வாங்கிக்கொடுத்துவிட்டேன், இனி வழி திறந்துவிட்டது, பூவாவது ஃபேனாவது, எனக்கு இனி அவள் மட்டும் போதும் என்றான். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னான்.

"இன்னிக்கே போ, சின்னம்மா. எனக்குத் தலெந்தாவைக் கேளு."

சின்னம்மா தட்டை அவன் கைக்கு எட்டாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பத்து நாளைக்கு அப்புறம் முதல்முறையாகப் பேசினாள்:

"உன் பலகையைப் பார்த்துட்டு மூணு வருஷம் முன்னாடியே நானே போய்க் கேட்டு, அவங்க சரின்னு சொல்லி, உன்கிட்ட வந்து சொன்னப்ப நீ வலைக்கட்டுலேருந்து தலையைத் தூக்காம 'சீசன் முடியட்டும்'னு சொல்ல, பெருநாளுக்குப் பெருநாள் நான் சீர் சுமந்துக்கிட்டுப் போன உன் பொண்ணைத்தான் நேத்து நீயே போய் வேண்டாம்னுட்டு வந்திருக்க, இப்ப நான் எந்த முகத்தோடடா மறுபடி கேக்கறது?"